ஆண்டிறுதி மடலும் அதன் பின்பக்கமும்

கல்வியாண்டு நிறைவுறும் தறுவாயில், தேர்வு மேற்பார்வைக்கும் விடைத்தாள் திருத்தும் பணிக்கும் இடையே, ஆசிரியர் ஓய்வறையின் மேசைமீது ஒரு மடல் வந்து கிடப்பதைக் கல்லூரி ஆசிரியர் யாவரும் அறிவர். ஆசிரியர் சங்கக் கிளை வெளியிடும் ஆண்டிறுதி மடல் அது. அதன் முற்பகுதியில் பணி நிறைவு பெற்றோர், முனைவர் பட்டம் பெற்றோர், நூல் வெளியிட்டோர், புனித ஹஜ் கடமையை நிறைவேற்றித் திரும்பியோர், மணவிழாக் கண்ட பிள்ளைகள், மறைந்த பெருமக்கள் ஆகியோர் பற்றிய செய்திகள் இருக்கும். பிற்பகுதியில் சிறிய எழுத்தில் குழுக்களின் அறிக்கை இருக்கும். எத்தனை முறை கூடினோம், எவ்வெவ் விண்ணப்பங்களை யாரிடம் அளித்தோம், எவை முடிந்தன, எவை நிலுவையில் உள்ளன என்பன அதில் அடங்கும்.

முற்பகுதியை அனைவரும் படிக்கின்றோம். பெயரைத் தேடுகின்றோம், மகிழ்கின்றோம், சில வேளைகளில் கண் கலங்குகின்றோம். பிற்பகுதியைப் புரட்டாமலே மடித்து வைத்துவிடுகின்றோம். முற்பகுதி உறவு என்றும், பிற்பகுதி வெறும் அலுவல் என்றும் நாம் பிரித்துப் பார்ப்பதே இதற்குக் காரணம். இப்பிரிவு சரியானதன்று என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். சங்கத்தின் அன்புச் செய்திக்குப் பொருள் தருவது அதன் குழுப்பணியே. அப்பணி நடவாத இடத்தில், எத்துணை உருக்கமான இரங்கற் குறிப்பும் வெறுஞ்சொல்லாகவே நின்றுவிடும்.

சங்கம் தோன்றிய நோக்கம்

ஆசிரியர் சங்கம் என்றவுடன் வாயிற்கூட்டமும் முழக்கமும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் நம் நாட்டில் ஆசிரியர் சங்கங்கள் தோன்றிய காலத்தில் அவற்றின் முகம் வேறாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னை மாகாணத்தில் இயங்கிய தென்னிந்திய ஆசிரியர் சங்கம், கல்விச் சிந்தனைகளைப் பரப்ப ஓர் ஆங்கில இதழை நடத்தியது. ஆசிரியர் குடும்பங்களின் இடர் துடைக்கப் பாதுகாப்பு நிதியும் அதன் முயற்சியால் அமைந்தது. கல்வி பற்றிய கலந்துரையாடலும் குடும்பத்துக்கான காப்பும் ஒரே அமைப்பின் இரு கைகளாக இருந்தன என்பது கருதத்தக்கது.

கல்லூரி ஆசிரியர்களைப் பொறுத்தவரை, ஏ.யூ.டி. என வழங்கும் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் 1946ஆம் ஆண்டில் தோன்றியது. பின்னர்த் தென்மாவட்டங்களில் மூட்டா அமைப்பு வேரூன்றியது. 1976ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம், பணி நியமனம், பணி நீக்கம், மேல்முறையீடு ஆகியவற்றுக்கு ஒரு வரையறை தந்தது. அதற்கு முன்னர் ஓர் ஆசிரியரின் வாழ்வு நிருவாகத்தின் மனநிலையைச் சார்ந்தே இருந்தது என்பதை, அக்காலத்தில் பணியாற்றிய பெரியவர்கள் நம்மிடம் கூறியதுண்டு.

உலக அளவிலும் இதே உணர்வு உருப்பெற்றது. 1966ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் பாரிஸ் நகரில், ஆசிரியர்களின் தகுநிலை பற்றிய பரிந்துரையொன்று ஏற்கப்பட்டது. யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் இணைந்து உருவாக்கியது அது. கல்வி முன்னேற்றத்துக்கு ஆசிரியர் அமைப்புகள் பெரிதும் துணைபுரியக் கூடியவை என்றும், கல்விக் கொள்கையை வகுப்பதில் அவற்றுக்கு இடம் வேண்டும் என்றும் அப்பரிந்துரை கூறிற்று. அந்த நாளையே 1994ஆம் ஆண்டு முதல் உலக ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகின்றனர். உயர்கல்வி ஆசிரியர்க்கென 1997ஆம் ஆண்டில் தனிப் பரிந்துரையும் வெளியாயிற்று.

நான்கு வரிச் செய்தியின் பின்னால்

இனி, நாம் நேரில் கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவோம். ஊரும் கல்லூரியும் பெயரும் ஈண்டு வேண்டா. 2018ஆம் ஆண்டில், சுயநிதிப் பிரிவில் பணியாற்றிய இளம் நண்பர் ஒருவர் திடீரென மறைந்தார். நாற்பது வயதுகூட நிரம்பாதவர். துணைவியாரும் பள்ளி செல்லும் வயதில் ஒரு மகளும் இருந்தனர். ஜனாஸாவில் கல்லூரியே திரண்டு நின்றது. அவ்வாண்டு மடலில் நான்கு வரிகளில் இரங்கற் செய்தி எழுதப்பட்டது. அதை எழுதியவர் நாமே. நல்ல தமிழில் எழுதிவிட்டோம் என்ற நிறைவும் அப்போது நமக்கு இருந்தது.

கிளையின் நலக்குழுவில் இருந்த பேராசிரியை ஒருவர், அச்சுக்குப் போகவிருந்த அந்தத் தாளைப் படித்துவிட்டு ஒரே ஒரு வினாவை எழுப்பினார். “வைப்புநிதியில் யார் பெயரைக் கொடுத்திருந்தார் என்று பார்த்தீர்களா?” என்றார். நம்மில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை.

பார்த்தபோது, பணியில் சேர்ந்த நாளில், திருமணத்துக்கு முன், தம் தாயாரின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார் நண்பர். வைப்புநிதித் திட்ட விதிகளின்படி, உறுப்பினர் மணம் புரிந்தவுடன் புதிய நியமனம் தரவேண்டும். மணத்துக்கு முன் தந்த நியமனம் செல்லாததாகிவிடும். இதனை அவர் அறிந்திருக்கவில்லை. நாமும் அறிந்திருக்கவில்லை. மேலும், பணிக்கொடை பற்றிக் கேட்டபோது, “ஆசிரியருக்குப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தாது” என்று அலுவலகத்தில் விடை வந்தது. சொன்னவர் பொய் சொல்லவில்லை. பழைய தீர்ப்பொன்றை நினைவில் வைத்துக்கொண்டு, நம்பியே சொன்னார்.

துணைவியார் இத்தாவில் இருந்தார். நான்கு மாதம் பத்து நாள் அவர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க இயலாது. குழுவைச் சேர்ந்த பேராசிரியையர் இருவர் அவருடைய இல்லம் சென்று, ஒவ்வொரு படிவத்தையும் படித்துக் காட்டி, விளக்கி, கையொப்பம் பெற்று வந்தனர். “லாத்தா, இந்தத் தாளெல்லாம் இருக்குதுன்னு அவங்க ஒரு நாளும் சொல்லலியே” என்று அந்தச் சகோதரி கேட்டதாக அவர்கள் வந்து கூறியபோது நாம் தலை குனிந்தோம். அவருக்குச் சொல்லாமல் போனவர்கள் நாமல்லவா?

பணிக்கொடை, வைப்புநிதி, அதனோடு இணைந்த காப்பீடு, குடும்ப ஓய்வூதியம் ஆகிய நான்கும் அக்குடும்பத்துக்குக் கிடைக்கப் பதினொரு மாதம் ஆயிற்று. நாம் எழுதிய நான்கு வரி இரங்கலை இன்று ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அப்பேராசிரியையின் ஒற்றை வினாவினால் ஒரு பெண்குழந்தையின் படிப்பு நின்றுபோகாமல் தொடர்கின்றது.

சட்டத்தில் ஆசிரியரின் இடம்

இத்தகைய இடர் ஏன் நேர்கின்றது? ஆசிரியர்க்கு உரிய காப்புகள் பல சட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஆசிரியர் எந்தச் சட்டத்துக்குள் வருவார், எதற்கு வெளியே நிற்பார் என்பதும் காலந்தோறும் மாறி வந்துள்ளது. இதனைச் சற்று விளங்கக் காண்போம்.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், நூறு தொழிலாளர்க்குக் குறையாத நிறுவனங்களில் பணிக்குழு அமைக்க வழி செய்தது. அதில் தொழிலாளர் தரப்பினர் நிருவாகத் தரப்பினரைவிடக் குறையலாகாது. 1978ஆம் ஆண்டில் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், கல்வி நிறுவனமும் தொழில் என்னும் சொல்லுக்குள் அடங்கும் என உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயின் ஆசிரியரும் தொழிலாளியா என்ற வினா எஞ்சி நின்றது. 1988ஆம் ஆண்டில், கோவாவைச் சேர்ந்த ஆசிரியை சுந்தராம்பாள் தொடுத்த வழக்கில் அதற்கு விடை கிடைத்தது. கற்பித்தல் உடலுழைப்போ எழுத்தர் பணியோ ஆகாது. எனவே ஆசிரியர் அச்சட்டத்தின் பொருளில் தொழிலாளி அல்லர் என்று தீர்ப்பாயிற்று. கல்லூரி தொழில் நிறுவனம். அங்குள்ள எழுத்தர் தொழிலாளி. வகுப்பில் நிற்கும் ஆசிரியர் மட்டும் தொழிலாளி அல்லர் என்னும் விந்தையான நிலை இதனால் விளைந்தது. 2025ஆம் ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றுள்ளது. அதிலும் தொழிலாளி என்பதன் வரையறையில் ஆசிரியர் எனத் தனியே குறிக்கப்படவில்லை.

பணிக்கொடையின் வரலாறும் இத்தகையதே. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், 1997ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாளைய அறிவிக்கையால் கல்வி நிறுவனங்களுக்கும் விரிக்கப்பட்டது. எனினும், அச்சட்டம் கூறும் ஊழியர் என்னும் சொல்லுக்குள் ஆசிரியர் அடங்கார் என்று 2004ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. அகமதாபாத் தனியார் தொடக்கப்பள்ளி ஆசிரியர் சங்கம் நடத்திய வழக்கு அது. அத்தீர்ப்பின் குறையை நீக்க 2009ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. திருத்தம் 1997 ஏப்ரல் 3 முதலே செல்லும் எனவும் விதித்தது. தனியார் பள்ளிகள் அதனை எதிர்த்துத் தொடுத்த வழக்குகளைத் தள்ளி, திருத்தம் செல்லும் என 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நாம் மேலே கண்ட அலுவலகத்தில் நினைவிலிருந்தது 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பு. 2009ஆம் ஆண்டுத் திருத்தம் அங்கே எட்டவில்லை. ஒன்பது ஆண்டுகள் கடந்தும் ஒரு சட்டத்திருத்தம் ஓர் அலுவலக மேசையை எட்டவில்லை என்றால், அதனைக் கொண்டு சேர்க்கும் கடமை யாருடையது? அதுவே குழுவின் பணி என்க.

பணிக்கொடைக் கணக்கும் எளியதே. பணிக்கொடைக்கெனச் சட்டம் கொள்ளும் மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் மீண்டும் பெருக்க வேண்டும். 26,000 ரூபாய் பெற்றவர் எட்டாண்டு பணியாற்றியிருந்தால் அவருக்குரியது 1,20,000 ரூபாய் ஆகும். பொதுவாக ஐந்தாண்டுப் பணி வேண்டும். ஆனால் பணியிலிருக்கும்போது இறந்தால் ஐந்தாண்டு என்னும் கட்டுப்பாடு இல்லை. வைப்புநிதி உறுப்பினர் பணிக்காலத்தில் இறந்தால் குடும்பத்துக்குரிய காப்பீட்டுத் தொகையின் உச்சவரம்பு 2021ஆம் ஆண்டில் ஏழு இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஓய்வூதியத் திட்டத்தில் ஒரு மாதச் சந்தா செலுத்தியிருந்தாலும் துணைவியார்க்கு ஓய்வூதியம் உண்டு. இவையெல்லாம் சட்டம் தந்த உரிமைகள். எவருடைய கருணையும் அல்ல. உரிமையைத் தர்மமாக எண்ணிக் கூசி நிற்கும் குடும்பங்களை நாம் கண்டிருக்கின்றோம். அக்கூச்சத்தைப் போக்குவதும் சங்கத்தின் தொண்டேயாகும்.

சிறுபான்மைக் கல்லூரியும் கலந்தாலோசனையும்

இம்மலரைப் படிக்கும் சமுதாயப் பெரியவர்களின் உள்ளத்தில் ஓர் ஐயம் எழலாம். “நம் முன்னோர் தம் வணிகப் பொருளையும் நிலத்தையும் வக்ஃபாக ஈந்து எழுப்பிய கல்லூரியில் சங்கமும் குழுவும் எதற்கு?” என்பதே அது. வாணியம்பாடி இஸ்லாமியக் கல்லூரி 1919ஆம் ஆண்டிலும், திருச்சிராப்பள்ளி ஜமால் முகமது கல்லூரி 1951ஆம் ஆண்டிலும், அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி 1955ஆம் ஆண்டிலும், உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956ஆம் ஆண்டிலும் தோன்றின. கொடையாளர்களின் ஈகையை நன்றியோடு நினையாத ஆசிரியர் இலர். ஐயமும் மதிக்கத்தக்கதே. எனவே அதற்கு விடை கூறுவது நம் கடமையாகின்றது.

அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு, சிறுபான்மையினர்க்குத் தம் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தந்துள்ளது. நிருவகிக்கும் உரிமை என்பது சீர்கெட நிருவகிக்கும் உரிமையாகாது என்பதை நீதிமன்றங்கள் பன்முறை தெளிவுபடுத்தியுள்ளன. 1986ஆம் ஆண்டில் தில்லி பிராங்க் அந்தோணி பள்ளி ஊழியர் சங்க வழக்கில் இது நன்கு விளங்கிற்று. பிற பள்ளிகளுக்கு இணையான ஊதியத்தைச் சிறுபான்மைப் பள்ளி ஆசிரியர்க்கும் தருமாறு விதிப்பது சிறுபான்மை உரிமையைக் குறைப்பதாகாது என உச்ச நீதிமன்றம் கூறியது. நிறைவு பெற்ற ஆசிரியரைக் கொண்ட நிறுவனமே சிறந்து விளங்கும் என்பது அதன் உட்கருத்து. ஆகவே ஆசிரியர் நலமும் சிறுபான்மை உரிமையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இதனினும் மேலான விடை நம் மார்க்கத்திலேயே உண்டு. திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயத்தின் பெயரே ‘அஷ்ஷூரா’, அதாவது கலந்தாலோசனை என்பதாகும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அகழ்ப்போரின்போது, மதீனாவைச் சுற்றி அகழ் தோண்டலாம் என்ற யோசனையை ஏற்றார்கள். அதைச் சொன்னவர் பாரசீகத்திலிருந்து வந்த சல்மான் (ரலி) அவர்கள். குலப்பெருமையோ மூப்போ பாராது, சொல்லின் பயனே அங்கு நோக்கப்பெற்றது. நேற்று வந்த இளம் விரிவுரையாளர் ஒருவர் குழுவில் ஒரு கருத்தை முன்வைக்கும்போது நாம் நினைவுகூரவேண்டிய முன்மாதிரி இதுவன்றோ? உழைத்தவர்க்குரிய கூலியைத் தாழ்த்தாது வழங்குக என்னும் நபிமொழியையும் நாம் அறிவோம். அந்நெறியை நடைமுறையாக்கும் கருவியே குழு. அது நிருவாகத்துக்கு எதிராகக் கட்டிய அணையாகாது. நிருவாகத்தின் காதுக்கும் ஆசிரியரின் வாய்க்கும் இடையே அமைந்த பாலமாகும்.

தமிழ் மரபும் இதற்குச் சான்று பகரும். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் எனக் குழுக்கள் பல அங்குக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டன. 35 வயதுக்கு மேற்பட்டு 70 வயதுக்கு உட்பட்டவரே உறுப்பினராகலாம். பதவிக்காலம் 360 நாள். முன்பு குழுவிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் இடம்பெற இயலாது. பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்ச் சபை குழுவுக்கு வகுத்த இலக்கணம் இது. கணக்குக் காட்டுதலே குழுவின் உயிர் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆண்டிறுதி மடலின் பின்பக்கமும் அத்தகைய கணக்கே ஆகும்.

குழுக்கள் செய்யத்தக்கன

இனி, பணியிடக் குழுக்கள் எவ்வாறு இயங்கினால் பயன் தரும் என்பதைச் சுருக்கமாகக் காண்போம்.

முதலாவது, உள்ளகப் புகார்க் குழு. 1997ஆம் ஆண்டின் விசாகா தீர்ப்பின் வழிவந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க இக்குழுவைக் கட்டாயமாக்கியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் கல்லூரிகளுக்கென இதனை விரித்துரைத்தன. மூத்த பேராசிரியை ஒருவர் தலைமை ஏற்க வேண்டும். உறுப்பினருள் பாதிப்பேராயினும் பெண்களாதல் வேண்டும். வெளியமைப்பைச் சேர்ந்த ஒருவரும் இடம்பெற வேண்டும். மாணவியர் தொடர்பான புகாராயின் மாணவர் தரப்பினரும் இருப்பர். துறைத்தலைவர் போன்ற நிருவாகப் பொறுப்பிலுள்ளோர் இடம்பெறலாகாது. புகாரை மூன்று மாதத்துக்குள் அளிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். புகார் அளித்தவரின் பெயரை வெளியிடுதல் சட்டப்படி குற்றம். எனவே மடலில், வந்த புகார் எத்தனை, முடிந்தவை எத்தனை என்ற எண்ணிக்கையை மட்டுமே குறித்தல் வேண்டும். நம் பெண்மக்களை நம்பிக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோர்க்கு இக்குழு ஒரு உறுதிமொழி போன்றது. அறிவிப்புப் பலகையில் பெயர்ப்பட்டியல் மட்டும் தொங்கும் குழுவால் அவ்வுறுதியைத் தர இயலாது.

இரண்டாவது, நலக்குழு. ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் அனைத்து ஆசிரியரின் நியமனப் படிவங்களையும் சரிபார்த்தலை இக்குழு தன் முதற்பணியாகக் கொள்ளலாம். அவ்வாண்டில் மணம் புரிந்தோர், மகப்பேறு கண்டோர், பெற்றோரை இழந்தோர் ஆகியோரின் பட்டியல் எங்கே கிடைக்கும்? முந்தைய மடலின் முற்பகுதியிலேயே கிடைக்கும். மணவிழாச் செய்தியைப் படித்து வாழ்த்தியவர், மறுநாள் புதிய நியமனப் படிவத்தோடு அவரைச் சென்று காணவேண்டும். முற்பகுதியும் பிற்பகுதியும் கைகோக்கும் இடம் இதுவேயாகும்.

மூன்றாவது, சுயநிதிப் பிரிவு ஆசிரியரையும் கௌரவ விரிவுரையாளரையும் குழுக்களில் சேர்த்தல். கௌரவ விரிவுரையாளர்க்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய் உச்சவரம்பு எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2019ஆம் ஆண்டில் நெறிகாட்டியது. நடைமுறை அந்நெறியிலிருந்து எத்துணைத் தொலைவில் நிற்கின்றது என்பதை ஆசிரியர் ஓய்வறையில் உள்ள எவரும் கூறுவர். ஒரே துறையில், ஒரே பாடத்தை, ஒரே மாணவர்க்குக் கற்பிக்கும் இருவருள் ஒருவர் பெயர் மடலில் வருகின்றது. மற்றவர் பெயர் வருவதில்லை. மறைந்த நம் நண்பரின் பெயரும், அவர் இறந்த பின்னரே முதன்முறையாக மடலில் இடம்பெற்றது என்பதை இவ்விடத்தில் வருத்தத்துடன் ஒப்புக்கொள்கின்றோம். உதவிபெறும் பிரிவினர் உரிமை பேசும் சங்கம், அடுத்த அறையில் இருப்பவரை மறத்தல் அறமாகாது.

நான்காவது, இடர்க்காலத் தொண்டு. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. தாமிரபரணிக் கரையோர ஊர்களெல்லாம் நீரில் மிதந்தன. அத்தகைய வேளையில் எந்த மாணவர் எந்தத் தெருவில் உள்ளார், யார் வீட்டில் முதியோர் உளர் என்னும் பட்டியலை முன்கூட்டியே வைத்திருக்கும் குழுவே உடனடியாகக் களமிறங்க இயலும். வெள்ளம் வந்தபின் குழு அமைக்கத் தொடங்கினால், நீர் வடிந்தபின்தான் அது கூடும்.

ஐந்தாவது, தோல்வியையும் பதிவு செய்தல். “விண்ணப்பம் அளித்தோம், விடை வரவில்லை” என்று எழுத நாம் தயங்குகின்றோம். வெற்றி மட்டும் எழுதும் மடல் வாழ்த்து மடலாகிவிடும். நிலுவையை எழுதினால்தான் அடுத்த ஆண்டுக் குழு அதனைத் தொடர்ந்து எடுத்துச் செல்ல முடியும். 2003ஆம் ஆண்டு ஜூலையில் தமிழகத்தில் அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தபோது ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். வேலைநிறுத்தம் செய்யும் உரிமை அரசு ஊழியர்க்கு இல்லை என உச்ச நீதிமன்றமும் அவ்வாண்டு ஆகஸ்டில் கூறியது. பெரும்பாலோர் பின்னர்ப் பணிக்குத் திரும்பினர். எனினும் அக்காலம் நமக்கு ஒரு பாடம் கற்பித்தது. பெரும் போராட்டம் அரிதாகவே நிகழும். அதன் முடிவும் நம் கையில் இராது. ஆண்டு முழுதும் ஓயாது நடக்கும் குழுப்பணியோ நம் கையில் உள்ளது. கூட்ட நடவடிக்கைக் குறிப்பேடும், நாளிட்ட கடிதமும், பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் ஆசிரியரின் அமைதியான வலிமைகளாகும்.

நிறைவாக

நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியர்க்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை கூறுவதை நம் மாணவர்கள் முதலாண்டிலேயே படிக்கின்றனர். நிறைகோல் என்றதும் மாணவரை எடைபோடும் நடுவுநிலைமை மட்டுமே நம் நினைவுக்கு வருகின்றது. அத்துலாக்கோலின் ஒரு தட்டில் நம் உடன்பணியாளரின் உரிமையையும் வைத்துப் பார்க்கவேண்டிய காலம் இது. மாணவர்களும் இதனைக் கவனித்து வருகின்றனர். உடனிருப்போர்க்கு நீதி கிடைக்க ஆசிரியர் எவ்வாறு முயல்கின்றார் என்பது, பாடத்திட்டத்தில் இல்லாத, ஆனால் அவர்கள் மறவாத பாடமாகும்.

கிளையில் நாம் பின்பற்றும் சிறு வழக்கம் ஒன்றைக் கூறி முடிப்போம். அந்நண்பரின் மறைவுக்குப் பின், ஆண்டிறுதி மடலோடு ஒரு நியமனப் படிவத்தையும் இணைத்தே தருகின்றோம். முதலாண்டில் அதனை நிரப்பித் தந்தோர் மிகச் சிலரே. “இப்போதே மவுத்தைப் பற்றி ஏன் பேசுகின்றீர்கள்?” என்று கடிந்தோரும் உளர். நம் மார்க்கமோ மரணத்தை நினைவில் வைத்து வாழ்வதையும், கடனையும் உயிலையும் எழுதி வைப்பதையும் வலியுறுத்துகின்றது. ஆண்டுகள் செல்லச் செல்லப் படிவங்கள் மிகுதியாக வந்தன. மூத்த பேராசிரியர் ஒருவர் தம் படிவத்தைத் தந்தபோது, இல்லத்தரசியாரையும் அருகில் அமர்த்தி, ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டிய பின்னரே கையொப்பமிட்டதாகக் கூறினார்.

இவ்வாண்டும் அம்மடல் வரும். முற்பகுதியில் தங்களுக்கு வேண்டியவர் பெயரைக் கண்டு மகிழுங்கள். பின்னர் அருள்கூர்ந்து பின்பக்கத்தையும் திருப்புங்கள். அங்கே நிலுவை என்று எழுதப்பட்டிருக்கும் ஒவ்வொரு வரியின் பின்னாலும் ஒரு வீடு இருக்கின்றது. அவ்வீட்டின் கதவைத் தட்டும் கை நம்முடையதாக இருக்கட்டும். வல்ல இறைவன் அதற்குத் துணைபுரிவானாக.